என்ஜினும் தண்டவாளமும் ஒரே பாஷை பேசணும்!

ரெயில் மோதி விட்டது என்று சேதி வந்ததும் ஊரார் கேட்கிற முதல் கேள்வி, "டிரைவர் தூங்கிட்டாரா?" என்பதுதான்.

விசாரணை அதிகாரி வண்டி ஏறுவதற்கு முன்பே டீக்கடையில் தீர்ப்பு எழுதி முடித்து விடுவார்கள். டிரைவர் உயிரோடு இருந்தால் சஸ்பெண்டு. இறந்து போயிருந்தால் பழி முழுக்க அவர் தலையில். அதோடு பேச்சு அடங்கி விடும். அடுத்த விபத்து வரை எல்லாருக்கும் நிம்மதி.

போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று அலைந்து செய்தி எழுதுகிறவன் நான். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் "யார் திருடினான்?" என்று கேட்பதோடு போலீசார் நிற்பதில்லை. "கதவு எப்படி திறந்தது? பூட்டு இருந்ததா, இல்லையா?" என்று பார்ப்பார்கள். ரெயில் விபத்திலும் அந்த பூட்டை பார்க்க வேண்டும். ரெயிலுக்கு பூட்டு எது? சிக்னல்!

அந்த சிக்னலை நவீனமாக்கும் வேலை இப்போது நாடு முழுவதும் நடக்கிறது. "கவச்" என்று அதற்கு பெயர். கவசம் என்று அர்த்தம். நல்ல காரியம். ஆனால் இந்த கவசத்தை அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டாக மாட்டினால் உயிரை காப்பாற்றாது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பச்சை விளக்கை நம்பிய ரெயில்

2023-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி. மேற்கு வங்காளம் ஷாலிமாரில் இருந்து நம்ம சென்னை சென்டிரலுக்கு வந்து சேர வேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பாலசோர் பக்கம் வந்து கொண்டிருந்தது. பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில் சிக்னல் பச்சை. "நேராகப் போ" என்று அதற்கு அர்த்தம். மணிக்கு 128 கிலோ மீட்டர் வேகம். அனுமதிக்கப்பட்ட வேகத்துக்கு உட்பட்டதுதான் அது.

சிக்னல் "நேராகப் போ" என்றது. தண்டவாளமோ பக்கத்து லூப் லைனுக்கு திருப்பி விட்டிருந்தது. அங்கே இரும்பு தாது ஏற்றிய சரக்கு ரெயில் நின்று கொண்டிருந்தது. அதன் மேல் பாய்ந்தது கோரமண்டல். தடம் புரண்ட பெட்டிகள், அந்த நேரத்தில் எதிர் பாதையில் வந்த பெங்களூர்-ஹவுரா ரெயிலின் பின் பகுதியில் மோதின. 290-க்கும் மேற்பட்டோர் பலி.

டிரைவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? பச்சையை பார்த்தார், போனார். அவ்வளவுதான்.

ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர் விசாரித்தார். சிக்னல் வயர்களை மாற்றி இணைத்ததில் நடந்த தவறுதான் காரணம் என்று தெரிந்தது. 2018-ல் ஒருமுறை அங்கே வயர் மாற்றியிருக்கிறார்கள். அதை படத்தில் சரியாக காட்டவில்லை. பெட்டிக்குள் வயர்களுக்கு எழுதியிருந்த பெயரும் தப்பு. விபத்து அன்று லெவல் கிராசிங் கேட்டுக்காக மறுபடி அங்கே கை வைத்தார்கள். தப்பு தப்போடு சேர்ந்தது.

இதில் வேதனை என்னவென்றால், அதே கரக்பூர் கோட்டத்தில் 2022 மே மாதம் பாங்ரா நயாபாஜ் என்ற ஸ்டேஷனிலும் வயர் தப்பாகி ரெயில் வேறு பாதைக்கு திரும்பியிருக்கிறது. அப்போதே மற்ற ஸ்டேஷன்களையும் சோதித்திருந்தால் பாலசோர் விபத்தே நடந்திருக்காது என்று கமிஷனரின் அறிக்கையே சொல்கிறது.

இது ஒரு வகை விபத்து. சிக்னலே பொய் சொல்கிற விபத்து.

சிவப்பை தாண்டிய ரெயில்

இன்னொரு வகையும் உண்டு. சிக்னல் உண்மையைத்தான் சொல்லும். ரெயில் அதை மீறி போய் விடும். தூக்கம், மூடுபனி, மறதி, தவறான உத்தரவு, என்ன காரணமாகவும் இருக்கலாம்.

நம்ம அரக்கோணம் பக்கமே நடந்தது. 2011 செப்டம்பர் 13-ந் தேதி இரவு, சித்தேரி அருகே சிக்னலுக்காக நின்று கொண்டிருந்த அரக்கோணம்-காட்பாடி பாசஞ்சர் ரெயில் மீது, பின்னால் சென்னை கடற்கரையில் இருந்து வேலூர் போன மின்சார ரெயில் மோதியது. 10 பேர் பலி.

2023 அக்டோபர் 29-ல் ஆந்திராவில் விஜயநகரம் மாவட்டம் கண்டகபள்ளியில் அதே கதை. பின்னால் வந்த பாசஞ்சர் முன்னால் போன பாசஞ்சரில் மோதியது. 14 பேர் பலி.

2024 ஜூன் 17-ல் நியூ ஜல்பாய்குரி பக்கம் ரங்காபாணியில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரசின் பின்னால் சரக்கு ரெயில் மோதியது. 10 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சரக்கு ரெயில் டிரைவரும் ஒருவர். அன்றைக்கே அவர் மேல் பழி வந்து விட்டது. பிறகு விசாரித்தால்? அதிகாலையில் இருந்தே அந்த இடத்தில் தானியங்கி சிக்னல் கெட்டுப் போயிருக்கிறது. சிவப்பை தாண்டிப் போகலாம் என்று டிரைவரிடம் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். எந்த வேகத்தில் போகணும் என்று அந்த சீட்டில் இல்லை! ஊழியர்களுக்கே விதி சரியாக தெரியவில்லை. "கவச்" கருவியை அவசரமாக பொருத்துங்கள் என்று கமிஷனர் எழுதினார்.

முதல் வகைக்கு ஒரு மருந்து. இரண்டாம் வகைக்கு வேறு மருந்து. இரண்டையும் போட்டு குழப்புவதால்தான் "கவச் வந்துட்டா இனி விபத்தே இல்லை" என்று பேச்சு கிளம்புகிறது. அது உண்மையில்லை.

கவச் என்ன செய்யும்?

நான் என்ஜினீயர் இல்லை. பள்ளிக்கூட படிப்பு படித்தவன். எனக்கு புரிந்த மாதிரி சொல்கிறேன். உங்களுக்கும் புரியும்.

டோல்கேட்டில் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற "பாஸ்டேக்" அட்டையை மேலே உள்ள கருவி படிக்கிறது இல்லையா? அந்த ஜாதி அட்டைகளை தண்டவாளத்தின் நடுவே, ஸ்லீப்பர் கட்டைகளில் வரிசையாக வைத்து விடுகிறார்கள். இங்கே அட்டை தரையில். படிக்கிற கருவி என்ஜினுக்கு அடியில். ரெயில் ஓட ஓட, "நான் இந்த லைனில், இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று என்ஜின் தெரிந்து கொள்ளும்.

ஸ்டேஷனில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். எந்த சிக்னல் சிவப்பு, எது பச்சை, எந்த பாதை திறந்திருக்கிறது என்பதை அது ரேடியோ மூலம் என்ஜினுக்கு சொல்லும். அதற்கு வழியெல்லாம் கோபுரங்கள் வேண்டும். தண்டவாளம் ஓரமாக கண்ணாடி இழை கேபிள் வேண்டும்.

டிரைவர் முன்னால் உள்ள திரையில் அடுத்த சிக்னல் என்ன என்று தெரியும். மூடுபனியிலும் தெரியும். சிவப்பு வருகிறது, டிரைவர் பிரேக் போடவில்லை என்றால் முதலில் எச்சரிக்கும். அப்போதும் போடவில்லையா? கருவியே பிரேக் போட்டு விடும்.

மணிக்கு 130 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற ரெயில் ஒரு வினாடிக்கு 36 மீட்டர் ஓடும். பிரேக் போட்டாலும் நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் ஆகும். சிவப்பை கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டால் காலம் கடந்து விடும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிற கருவி வேண்டும் என்கிறார்கள்.

இது வேலை செய்யுமா? 2022 மார்ச் 4-ந் தேதி செகந்திராபாத் கோட்டத்தில் சோதித்து காட்டினார்கள். ஒரே லைனில் எதிரும் புதிருமாக இரண்டு என்ஜின்கள். ஒன்றில் ரெயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ். மற்றதில் ரெயில்வே வாரிய தலைவர். 380 மீட்டர் தூரம் இருக்கும்போதே மந்திரி வந்த என்ஜின் தானாக நின்றது.

ஆக, கருவி நல்ல கருவி. சித்தேரி மாதிரி, கண்டகபள்ளி மாதிரி விபத்துகளை தடுப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி.

எங்கே இருக்கிறது சிக்கல்?

டெலிபோன் இரண்டு பக்கமும் இருந்தால்தான் பேச்சு. என் வீட்டில் மட்டும் டெலிபோன் வைத்துக்கொண்டு என்ன பயன்?

கவச்சும் அப்படித்தான். தண்டவாளத்தில் பொருத்தணும், ஸ்டேஷனில் பொருத்தணும், என்ஜினிலும் பொருத்தணும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் முழு பாதுகாப்பு கிடையாது.

பஸ் என்றால் ஒரு டெப்போ, ஒரு ரூட்டு. ரெயில் என்ஜின் அப்படி இல்லை. ராயபுரம், அரக்கோணம், ஈரோடு ஷெட்டு என்ஜின்கள் வடக்கே வெகு தூரம் போகின்றன. விஜயவாடா, லாலாகுடா, காசியாபாத் என்ஜின்கள் தெற்கே வருகின்றன. பேசின் பிரிட்ஜ் பாலத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எந்தெந்த ஊர் ஷெட்டு பெயரெல்லாம் என்ஜின் மேல் எழுதியிருக்கிறது என்று தெரியும்.

தெற்கு ரெயில்வே தன் தண்டவாளம் முழுக்க கவச் போட்டு விட்டது என்றே வைத்துக்கொள்வோம். வடக்கே இருந்து வருகிற என்ஜினில் கருவி இல்லை. தண்டவாளம் கூப்பிடும், என்ஜினுக்கு காது கேட்காது! இல்லை, என்ஜினில் இருக்கிறது, ஆனால் வேறு பாஷை பேசுகிற கருவி. அப்போதும் அதே கதிதான்.

இது கற்பனை இல்லை. நம்ம நாட்டிலேயே எத்தனை பாஷை என்று பாருங்கள்.

பம்பாய் புறநகர் ரெயில்களில் ஒரு எச்சரிக்கை முறையை வெகு காலத்துக்கு முன்பே வைத்தார்கள். கொங்கன் ரெயில்வே தனியாக ஒரு மோதல் தடுப்பு கருவியை உருவாக்கியது. வடகிழக்கு எல்லை ரெயில்வேயில் அதை வைத்துப் பார்த்தார்கள். நம்ம சென்னை-கும்மிடிப்பூண்டி பாதையில் ஏறக்குறைய 50 கிலோ மீட்டருக்கு புறநகர் மின்சார ரெயில்களுக்காக இன்னொரு முறையை 2008 வாக்கில் கொண்டு வந்தார்கள். அது ஐரோப்பிய முறையை ஒட்டியது. டெல்லி-மீரட் "நமோ பாரத்" ரெயிலில் இருப்பது ஐரோப்பிய முறையின் அடுத்த படி. இப்போது கவச்.

ஒவ்வொன்றையும் கொண்டு வந்தபோது, "இனி கவலை இல்லை" என்றுதான் சொன்னார்கள். ஒன்றோடு ஒன்று பேசுமா என்று யாரும் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி பாதையையே எடுத்துக் கொள்ளுங்கள். மின்சார ரெயில், ஹவுரா, டெல்லி எக்ஸ்பிரஸ், சரக்கு ரெயில் எல்லாம் பங்கு போட்டு ஓடுகிற பாதை அது. அதில் ஒரு ஜாதி ரெயிலுக்கு மட்டும் காவல் வைத்தால், மற்றது வந்து மோதாதா?

வெள்ளைக்காரன் பட்ட பாடு

இந்த குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு தனித்தனி சிக்னல் முறை. மொத்தம் 20-க்கும் மேல். பாரிசில் இருந்து பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் போகிற "தாலிஸ்" ரெயிலில் ஏழு விதமான சிக்னல் கருவிகளை வைத்து ஓட்டினார்கள். எல்லை தாண்டும்போதெல்லாம் ஒரு பெட்டியை அணைத்து இன்னொரு பெட்டியை போடணும்! செலவு ஏழு மடங்கு. கோளாறும் ஏழு மடங்கு.

"போதும்டா சாமி" என்று ஒரே முறையை கொண்டு வர 1990-களில் முடிவு செய்தார்கள். சின்ன நாடான லக்சம்பர்க் தன் பாதை முழுவதும் போட்டு முடித்து விட்டது. பெரிய நாடுகள் இன்னும் முடிக்கவில்லை. ஏன்? ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு கம்பெனியும் அந்த ஒரே முறையிலும் தன் இஷ்டத்துக்கு சிறு சிறு மாற்றம் செய்து கொண்டது. பெயர் ஒன்று, பேச்சு வேறு!

அரைகுறை வேலையின் விலை என்ன என்று ஸ்பெயின் நாட்டை கேட்கணும். 2013 ஜூலை 24-ந் தேதி. சான்டியாகோ நகரை நெருங்கிய அதிவேக ரெயில் ஒரு வளைவில் தடம் புரண்டது. அங்கே 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகணும். ரெயில் போனதோ 179 கிலோ மீட்டர் வேகத்தில். டிரைவர் அப்போதுதான் டெலிபோனில் பேசி முடித்திருந்தார். 80 பேர் பலி.

அந்த ரெயிலில் நவீன கருவி இருந்தது. ஆனால் கோளாறு தருகிறது என்று அணைத்து வைத்திருந்தார்கள். அந்த பாதையிலும் நவீன முறை இருந்தது. ஆனால் வளைவுக்கு சில கிலோ மீட்டர் முன்னாடியே அது முடிந்து போனது. சாவு காத்திருந்த இடத்தில் மட்டும் காவல் இல்லை!

இங்கிலாந்திலும் இதே கூத்து. 1997-ல் லண்டன் அருகே சவுத்தாலில் சிவப்பை தாண்டிய எக்ஸ்பிரஸ் சரக்கு ரெயிலில் மோதி 7 பேர் இறந்தார்கள். தானாக நிறுத்தும் கருவி அந்த ரெயிலிலேயே இருந்தது. ஆனால் போடவில்லை.

கருவி வாங்கியாச்சு என்று போட்டோ எடுத்து பத்திரிகைக்கு கொடுப்பது சுலபம். அது தினமும், எல்லா ரெயிலிலும், எல்லா இடத்திலும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம்.

நம்ம கணக்கு என்ன?

2012 பிப்ரவரியில் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான கமிட்டி ஒரு அறிக்கை கொடுத்தது. முக்கிய பாதைகள் 19 ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஐரோப்பிய முறையை ஒத்த நவீன சிக்னல் வேண்டும், ஐந்து ஆண்டில் முடியுங்கள் என்றது. ஐந்து ஆண்டு எப்போதோ போய் விட்டது.

உள்நாட்டிலேயே செய்வோம் என்று கவச்சை உருவாக்கினார்கள். 2016-ல் பயணிகள் ரெயிலில் வைத்து சோதனை. 2020-ல் இதுவே நாட்டின் முறை என்று முடிவு. தெற்கு மத்திய ரெயில்வேயில் 1,465 கிலோ மீட்டருக்கு முதலில் போட்டார்கள். நாட்டில் உள்ள பாதையோ 68 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல்!

அந்த 1,465 கிலோ மீட்டரில் முதலில் போட்டது 3.2 என்ற ரகம். 2024 ஜூலை 16-ல் 4.0 என்ற புதிய ரகத்துக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜூலையில் டெல்லி-பம்பாய் பாதையில் மதுரா-கோட்டா பகுதிக்கு, 324 கிலோ மீட்டர், அந்த புது ரகம் வந்தது. புது ரகம் வந்தால் பழையதை மாற்றியாகணும். மாற்றி முடிகிற வரைக்கும் ஒரே பெயரில் இரண்டு ரகம். ஐரோப்பா வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

கருவி செய்ய முதலில் மூன்று கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். பிறகு வேறு கம்பெனிகளும் வருகின்றன. போட்டி நல்லது, விலை குறையும். ஒரு கம்பெனி கருவி இன்னொரு கம்பெனி கருவியோடு பேசணும் என்று விதியும் இருக்கிறது. விதி பேப்பரில் இருந்தால் போதாது. ஓடுகிற ரெயிலில் வைத்து பார்க்கணும்.

பணம் இல்லையா? அரசு சொன்ன கணக்குப்படி தண்டவாளம், ஸ்டேஷன் செலவு கிலோ மீட்டருக்கு சுமார் 50 லட்சம் ரூபாய். ஒரு என்ஜினுக்கு சுமார் 80 லட்சம். 68 ஆயிரம் கிலோ மீட்டருக்கு கூட்டிப் பாருங்கள். 34 ஆயிரம் கோடி. 10 ஆயிரம் என்ஜினுக்கு 8 ஆயிரம் கோடி. மொத்தம் 42 ஆயிரம் கோடி.

பம்பாய்-ஆமதாபாத் புல்லட் ரெயில் 508 கிலோ மீட்டர்தான். அதற்கு தொடக்கத்தில் போட்ட மதிப்பீடே ஒரு லட்சத்து 8 ஆயிரம் கோடி. புல்லட் ரெயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் பாதிக்கும் குறைவான பணத்தில், அன்ரிசர்வ்டு பெட்டியில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கும் உயிர் பாதுகாப்பு கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

பெட்டிக்குள் இருக்கும் வயர்

இப்போது முதல் வகை விபத்துக்கு வருவோம். சிக்னலே பொய் சொன்னால்?

கவச் என்ன செய்யும்? ஸ்டேஷன் சொல்வதை அப்படியே என்ஜினுக்கு சொல்லும். ஸ்டேஷனே தப்பாக "பச்சை" என்றால் கவச்சும் "பச்சை" என்றுதான் சொல்லும். பாலசோரில் கவச் இருந்திருந்தாலும் அந்த மோதலை தடுத்திருக்காது என்று சிக்னல் துறையினரே சொன்னார்கள்.

2024 அக்டோபர் 11-ந் தேதி நம்ம கவரைப்பேட்டையில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். மைசூர்-தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரசுக்கு மெயின் லைன் சிக்னல். ரெயிலோ லூப் லைனில் நுழைந்து, நின்ற சரக்கு ரெயிலில் மோதியது. பாலசோரின் தம்பி மாதிரி! உயிர் பலி இல்லாதது ஆண்டவன் புண்ணியம். அங்கே பாயிண்டில் போல்ட்டு, நட்டுகள் கழன்று கிடந்தன. சதி வேலை என்று வழக்கு. என்.ஐ.ஏ. அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். இரும்பை கழற்றுகிறவன் கையை எந்த கம்ப்யூட்டர் பிடிக்கும்? ஆள் போய் பார்க்கணும். ரோந்து வேண்டும்.

வயர் தப்புக்கு வருகிறேன். 1988 டிசம்பர் 12-ந் தேதி லண்டன் கிளாபம் ஜங்ஷன் பக்கம் ரெயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். என்ன காரணம் தெரியுமா? பழைய சிக்னலை எடுத்து விட்டு புது சிக்னல் வைக்கிற வேலை நடந்தது. ஒரு பழைய வயரை வெட்டி கட்டாமல் தொங்க விட்டார்கள். அது போய் ஒட்டிக்கொண்டது. சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் காட்டவில்லை. அந்த வேலையை செய்தவர் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார்! செய்த வேலையை இன்னொருவர் வந்து எண்ணிப் பார்க்கவும் இல்லை.

பாலசோரும் கிளாபமும் ஒரே பாடம்தான். சிக்னலை மாற்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். நாடு முழுக்க இப்போது மாற்றப் போகிறோம். ஆயிரக்கணக்கான பெட்டிகளை திறக்கப் போகிறார்கள். லட்சக்கணக்கான வயர்களை கழற்றி மாட்டப் போகிறார்கள். "சீக்கிரம் முடி, ரெயிலை விடணும்" என்று மேலே இருந்து நெருக்கினால், கீழே இருக்கிறவன் என்ன செய்வான்? குறுக்கு வழியில் போவான். தப்பு நடந்தால் போலீஸ் பிடிப்பது அவனைத்தான். பாலசோர் வழக்கில் சி.பி.ஐ. கைது செய்ததும் மூன்று ரெயில்வே ஊழியர்களைத்தான்.

குற்றம் செய்தவர் தண்டனை அடையட்டும். அவரை நெருக்கியவர் யார் என்றும் விசாரிக்கணும் இல்லையா?

கேட் மூடினால்தான் பச்சை

நவீன சிக்னல் என்றதும் வந்தே பாரத்தும் புல்லட் ரெயிலும்தான் கண் முன்னால் வரும். ஆனால் கடலூர் செம்மங்குப்பத்தை மறக்க முடியுமா? 2025 ஜூலை 8-ந் தேதி காலை, லெவல் கிராசிங்கில் பள்ளிக்கூட வேன் மீது ரெயில் மோதியது. மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்கள்.

அந்த கேட் "இன்டர்லாக்" செய்யப்படாத கேட். அப்படி என்றால்? கேட்டுக்கும் சிக்னலுக்கும் தொடர்பு கிடையாது. கேட் திறந்திருந்தாலும் ரெயிலுக்கு சிக்னல் கிடைக்கும். கேட் கீப்பர் டெலிபோனில் "மூடிட்டேன்" என்று சொன்னால் அதுதான் பாதுகாப்பு. இன்டர்லாக் செய்த கேட்டில் அந்த பேச்சே கிடையாது. கேட் மூடி பூட்டினால்தான் பச்சை விழும்.

இது ஒன்றும் விண்வெளி விஞ்ஞானம் இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலான பழைய தத்துவம். அதைக்கூட எல்லா கேட்டுக்கும் செய்து முடிக்காமல் "டிஜிட்டல்" என்று பேசுவதில் என்ன பெருமை?

நிர்வாகம் செய்ய வேண்டியது

குறை சொல்வது சுலபம். என்ன செய்யணும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒன்று: தண்டவாளத்துக்கும் என்ஜினுக்கும் ஒரே தேதி வைக்கணும். ஒரு பாதையில் கவச் திறப்பு விழா நடத்தினால், அந்த பாதையில் ஓடுகிற என்ஜின்களில் எத்தனைக்கு கருவி இருக்கிறது என்றும் அன்றைக்கே சொல்லணும். கிலோ மீட்டர் கணக்கு மட்டும் சொல்வது பாதி உண்மை.

இரண்டு: ஒரு கம்பெனி தண்டவாளத்தில் வேறு கம்பெனி என்ஜினை, பழைய ரக பாதையில் புது ரக என்ஜினை ஓட்டி சோதிக்கணும். முடிவை பொதுமக்களுக்கு சொல்லணும்.

மூன்று: என்ஜினில் கருவியை அணைத்தால் யார் அணைத்தார், எதற்கு, எத்தனை மணிக்கு என்று பதிவாகணும். கருவி இல்லாமல் ஓடுகிற ரெயிலுக்கு வேகத்தை குறைக்கணும்.

நான்கு: வயர் பெட்டியை ஒருவர் திறந்தால், வேறு ஒருவர் வந்து சோதித்து கையெழுத்து போடாமல் ரெயிலை விடக்கூடாது. படத்தில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்கணும். அந்த ஊழியர்களுக்கு வார லீவு கட்டாயம்.

ஐந்து: டிரைவருக்கு ஓய்வு. 2024 ஜூனில் தெற்கு ரெயில்வே டிரைவர்கள் கேட்டது சம்பள உயர்வு இல்லை, வார ஓய்வு. கருவி வந்து விட்டது, இனி டிரைவர் தூங்கினாலும் பரவாயில்லை என்று நினைத்தால் அது பேராபத்து. கருவி கடைசி காவல். முதல் காவல் மனுஷன்தான்.

ஆறு: ஆள் இருக்கிற எல்லா லெவல் கிராசிங்குக்கும் இன்டர்லாக். எக்ஸ்பிரஸ் பாதை, கிளைப்பாதை என்று வித்தியாசம் கூடாது.

டெல்லி, பம்பாய், ஹவுரா, சென்னை நான்கையும் இணைக்கிற பெரும் பாதையில் சென்னை ஒரு மூலை. மற்ற மூன்று மூலையிலும் என்ன கருவி போடுகிறார்கள் என்பது நம்ம பெரம்பூர்காரனுக்கும் ஆவடிக்காரனுக்கும் உயிர் பிரச்சினை. "அது வடக்கே நடக்கிற விவகாரம்" என்று சும்மா இருக்க முடியாது. பாலசோரில் மோதியது சென்னைக்கு வந்து கொண்டிருந்த ரெயில்தானே!

நம்ம தொகுதி எம்.பி.க்கள் ரெயில் பற்றி பேசினால் "இந்த ஊரில் எக்ஸ்பிரஸ் நிற்கணும், அந்த ஊருக்கு புது ரெயில் விடணும்" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை இதையும் சேர்த்து கேளுங்கள்: "சென்னைக்கு வருகிற என்ஜின்களில் எத்தனைக்கு கவச் இருக்கிறது? தெற்கு ரெயில்வேயில் எத்தனை கேட் இன்டர்லாக் ஆகாமல் இருக்கிறது?" இரண்டு எண்கள்தான். மந்திரி பதில் சொல்லட்டும். பத்திரிகையில் நாங்கள் போடுகிறோம். மாதா மாதம் அந்த எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று டிக்கெட் வாங்குகிற ஜனங்கள் பார்த்துக் கொள்வார்கள்.